‘வின்னிங் டைம்’ தொடரில் எது வரலாறு, எது கற்பனை?

கேள்வி இதுதான்: லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து அணியின் எழுச்சியைச் சொல்லும் ‘வின்னிங் டைம்’ தொடரில் உண்மை எவ்வளவு, கற்பனை எவ்வளவு? கூடைப்பந்து ஆட்டமே தெரியாத ஒருவர் அதைப் பார்க்கலாமா? இரண்டு சீசனோடு அது நின்றுபோனது ஏன்?

முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிடுகிறேன். ஸ்கோர் பலகையில் ஏறிய எண்கள், ஒப்பந்தத் தொகைகள், காயங்கள், பணிநீக்கங்கள் ஆகியவை பெரும்பாலும் நடந்தவைதான். மூடிய அறைக்குள் யார் என்ன பேசினார்கள், யார் எப்படிக் கோபப்பட்டார்கள் என்பவற்றில் பெரும்பகுதி எழுத்தாளர்களின் கற்பனை. இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால் தொடரை மனம் நிறைந்து ரசிக்கலாம். தெரியாமல் பார்த்தால், உயிரோடிருந்த சில மனிதர்களைப் பற்றித் தவறான எண்ணத்தோடு எழுந்திருக்க நேரிடும். ஆட்டம் தெரியாதவரும் தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் ஆபாச வசைகளும் படுக்கையறைக் காட்சிகளும் நிறைய உண்டு. வீட்டுக் கூடத்தில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்கத்தக்கது அல்ல.

எச்.பி.ஓ. நிறுவனம் தயாரித்த இத்தொடரின் முதல் சீசன் 2022 மார்ச்சில் 10 எபிசோடுகளாகவும், இரண்டாவது சீசன் 2023 ஆகஸ்டிலிருந்து 7 எபிசோடுகளாகவும் வெளிவந்தன. உருவாக்கியவர்கள் மாக்ஸ் போரன்ஸ்டீனும் ஜிம் ஹெக்டும். முதல் எபிசோடை இயக்கியவர் ஆடம் மெக்கே. ஜெஃப் பெர்ல்மன் என்ற விளையாட்டு எழுத்தாளர் 2014-இல் வெளியிட்ட ‘ஷோடைம்’ என்ற நூல் இதற்கு அடிப்படை. அந்த நூல் வீரர்கள், பயிற்சியாளர்கள், அலுவலக ஊழியர்கள் எனப் பலரிடம் கேட்டறிந்து எழுதப்பட்ட செய்தி நூல் ஆகும். நூலிலிருந்து தொடருக்கு வரும் வழியில்தான் வரலாறு நாடகமாக மாறியது.

தொடர் சொல்லும் சம்பவங்களில், புனைந்தவை என்று புதிதாகப் பார்ப்பவர் நினைக்கக்கூடியவை பெரும்பாலும் நிஜமாகவே நடந்தவை. இந்த அணியின் கதையில் எனக்கு வியப்பு தருவதும் அதுதான். நான் பல ஆண்டுகளாக இந்தக் காலகட்டத்தின் பழைய ஆட்டப் பதிவுகளைத் தேடித் தேடிப் பார்த்து வருகிறேன். 1980-களில் 10 ஆண்டுகளில் 8 முறை இறுதிச் சுற்றுக்குப் போய் 5 முறை கோப்பை வென்ற ஓர் அணி, எத்தனை தற்செயல்களின் மேல் நின்றது என்பதை எண்ணும்போதெல்லாம் மலைப்பாகவே இருக்கிறது.

முதல் தற்செயல் ஒரு நாணயம். 1976-இல் கெயில் குட்ரிச் என்ற மூத்த வீரர் லேக்கர்ஸை விட்டு நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் அணிக்குப் போனார். அதற்கு ஈடாக, ஜாஸ் அணியின் 1979-ஆம் ஆண்டு முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்பும் லேக்கர்ஸ் கைக்கு வந்தது. டிராஃப்ட் என்பது புதிய வீரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் முறை. அந்த ஆண்டு ஜாஸ் அணி மிக மோசமாக ஆடியதால், அந்த வாய்ப்பு முதலிடத்துக்கான போட்டியில் வந்து நின்றது. மற்றொரு போட்டியாளர் சிகாகோ புல்ஸ். யாருக்கு முதலிடம் என்று நாணயம் சுண்டி முடிவு செய்தார்கள். சிகாகோ ‘தலை’ என்றது, ‘பூ’ விழுந்தது. அந்தப் பூவில் லேக்கர்ஸுக்குக் கிடைத்தவர் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த, 6 அடி 9 அங்குல உயரமுள்ள 19 வயது இளைஞர் எர்வின் ‘மாஜிக்’ ஜான்சன். அந்த உயரத்தில் இருப்பவர்களைக் கூடைக்கு அடியில் நிறுத்துவதுதான் அக்கால வழக்கம். இவரோ பந்தைத் தட்டிக்கொண்டு வந்து ஆட்டத்தை நடத்தும் பாயிண்ட் கார்டாக ஆடினார்.

இரண்டாவது தற்செயல் ஒரு மிதிவண்டி. புதிய உரிமையாளர் ஜெரி பஸ் அமர்த்திய பயிற்சியாளர் ஜாக் மெக்கின்னி. எதிரணி திரும்பி நின்று தன் கூடையைக் காக்கும் முன்பே பந்தை முன்னே விரட்டிக்கொண்டு போய்ப் புள்ளி எடுக்கும் வேக ஆட்டத்தை இந்த அணிக்கு வகுத்துக் கொடுத்தவர் அவர்தான். சீசன் தொடங்கி ஒரு மாதம்கூட நிறையவில்லை. 1979 நவம்பர் 8 அன்று, விடுமுறை நாளில், தன் உதவியாளரும் நண்பருமான பால் வெஸ்ட்ஹெட்டோடு டென்னிஸ் ஆட மிதிவண்டியில் கிளம்பினார் மெக்கின்னி. வழியில் விழுந்து தலையில் பலத்த அடிபட்டது. உயிர் பிழைத்தார், ஆனால் லேக்கர்ஸ் அணிக்குத் திரும்பவே இல்லை. ஷேக்ஸ்பியர் பாடம் நடத்திய ஆங்கில ஆசிரியரான வெஸ்ட்ஹெட் தலைமைப் பயிற்சியாளரானார். வெஸ்ட்ஹெட் தனக்கு உதவியாளராக அழைத்துக்கொண்டவர் அப்போது வானொலி, தொலைக்காட்சி வர்ணனையில் சிக் ஹெர்னின் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த பாட் ரைலி. பிற்காலத்தில் லேக்கர்ஸுக்கு 4 கோப்பைகள் வாங்கித் தந்து, அமெரிக்கக் கூடைப்பந்தின் மிகப் பெரிய பயிற்சியாளர்களில் ஒருவராக எண்ணப்படும் ரைலி, அந்த மிதிவண்டி விபத்து நடக்காதிருந்தால் மைக்கின் முன்னாலேயே இருந்திருக்கக்கூடும்.

மெக்கின்னியின் பகுதியைத் தொடர் மிகுந்த கனிவோடு கையாண்டிருக்கிறது. டிரேசி லெட்ஸ் அந்தப் பாத்திரத்தை ஏற்றிருக்கிறார். தன் மனத்தில் வரைந்து வைத்த ஆட்டத்தை வேறொருவர் நடத்திக் கோப்பையை நெருங்குவதை, முழுமையாகக் குணமடையாத மனிதர் ஒருவர் தூரத்திலிருந்து பார்க்கும் வலி அவருடைய முகத்தில் தெரிகிறது. நிஜ மெக்கின்னி பிறகு இந்தியானா பேசர்ஸ் அணிக்குப் பயிற்சியாளராகி, 1981-இல் அந்த ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருதையும் பெற்றார். 2018-இல் காலமானார். அவருடைய பெயரைப் புதிய தலைமுறைக்கு நினைவூட்டியதற்காக மட்டுமே இத்தொடருக்கு நான் நன்றி சொல்வேன்.

மூன்றாவது தற்செயல் ஒரு கணுக்கால். 1980 இறுதிச் சுற்றில் (முதலில் 4 ஆட்டங்கள் வெல்லும் அணிக்கே கோப்பை) ஃபிலடெல்ஃபியா 76-யர்ஸ் அணியோடு மோதிய லேக்கர்ஸ், 5-ஆவது ஆட்டத்தில் தன் ஆதாரத் தூணான கரீம் அப்துல்-ஜப்பாரின் கணுக்கால் பிசகுவதைக் கண்டது. அந்தக் காலோடு திரும்பி வந்து ஆடி, அன்று மொத்தம் 40 புள்ளிகள் எடுத்து வென்று கொடுத்தார் கரீம். ஆனால் 6-ஆவது ஆட்டத்துக்கு ஃபிலடெல்ஃபியாவுக்குப் பறக்க முடியவில்லை. விமானத்தில் எப்போதும் கரீமுக்கென்று விடப்படும் முன்வரிசை இருக்கையில் 20 வயது மாஜிக் போய் உட்கார்ந்தார். நான் இருக்கிறேன், பயப்பட வேண்டாம் என்று சக வீரர்களிடம் சொன்னார். 1980 மே 16 அன்று ஆட்டம் தொடங்கும்போது நடுவட்டத்தில் பந்துக்காகக் குதிக்க நின்றவரும் அவரே. அன்று அவர் எடுத்தவை 42 புள்ளிகள், 15 ரீபவுண்டுகள் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைக் கைப்பற்றுவது), 7 அசிஸ்டுகள் (சக வீரர் புள்ளி எடுக்கப் பந்தைக் கொடுப்பது); எதிரணியின் தவறுக்காகக் கிடைத்த 14 தடையற்ற வீச்சுகளில் (ஃப்ரீ த்ரோ) ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. லேக்கர்ஸ் 123-107 என்று வென்றது. ஜமால் வில்க்ஸ் என்ற அமைதியான வீரர் அதே ஆட்டத்தில் 37 புள்ளிகள் எடுத்ததைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். அதை இங்கே குறிப்பிடாமல் போக எனக்கு மனம் வரவில்லை. இவ்வளவு பெரிய ஆட்டத்தை சி.பி.எஸ். தொலைக்காட்சி அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் நேரலையாகக் காட்டவில்லை, இரவு 11.30 மணிக்குப் பதிவாகத்தான் ஒளிபரப்பியது. அன்றைக்கு அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தை நடத்தும் என்.பி.ஏ. கூட்டமைப்பு இருந்த நிலை அப்படி. தொடரின் முதல் சீசன் இந்த ஆட்டத்தோடுதான் முடிகிறது.

இதுபோல நடந்த வேறு சிலவும் தொடரில் உண்டு. லேக்கர்ஸ் பயிற்சியாளராகக்கூடும் என்று எதிர்பார்க்கப்பட்ட ஜெரி டார்க்கேனியனுக்காகப் பேச்சுவார்த்தை நடத்திய விக் வைஸ், 1979-இல் தன் ரோல்ஸ் ராய்ஸ் காரின் டிக்கியில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டது உண்மை. கொன்றவர் யார் என்பது துலங்கவே இல்லை. போதைப் பழக்கத்தில் சிக்கியிருந்த ஸ்பென்சர் ஹேவுட் இறுதிச் சுற்றின்போது அணியிலிருந்து நீக்கப்பட்டதும், அந்த ஆத்திரத்தில் பயிற்சியாளரைக் கொல்லவே ஏற்பாடு செய்ய நினைத்ததாக அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டதும் உண்மை.

கதையின் மையத்தில் நிற்கும் ஜெரி பஸ்ஸைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வேண்டும். வயோமிங் மாநிலத்தின் கெமரர் என்ற சிற்றூரில் வறுமையில் வளர்ந்து, வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, பிறகு நில வணிகத்தில் இறங்கியவர் அவர். 1979-இல் ஜாக் கென்ட் குக்கிடமிருந்து லேக்கர்ஸ் அணி, கிங்ஸ் பனி ஹாக்கி அணி, இங்கிள்வுடில் இருந்த ‘ஃபோரம்’ அரங்கம், ஏறத்தாழ 13,000 ஏக்கர் பண்ணை ஆகிய அனைத்தையும் சேர்த்து 67.5 மில்லியன் டாலருக்கு வாங்கினார். கைப்பணம் கொடுத்து முடித்த வியாபாரம் அல்ல அது. கட்டடங்களைக் கைமாற்றி, நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டடம் வரை ஒன்றோடொன்று பின்னிய சிக்கலான பரிமாற்றம். அவர் வாங்கியதில் எது தேறும், எது மூழ்கும் என்று யாருக்கும் தெரியாது. தொடர் இந்தப் பதைப்பை நன்றாகப் பிடித்திருக்கிறது: கோப்பைக்காக ஓடுகிறவர்கள் மைதானத்தில் இருக்க, வட்டிக்காரனுக்கு முன்னால் ஓடுகிறவர் ஒருவர் மேல்மாடியில் இருக்கிறார்.

பஸ் கண்டுகொண்டது ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சலிஸ் ஊரில் மாலை நேரத்துக்கு ஆயிரம் கேளிக்கைகள் போட்டியிடுகின்றன; ஆட்டம் மட்டும் போதாது, அரங்குக்கு வருவதே ஒரு கொண்டாட்டமாக வேண்டும் என்பது அவருடைய கணக்கு. நடனக் குழுவாகிய ‘லேக்கர் கேர்ள்ஸ்’, களத்தின் விளிம்பை ஒட்டி நட்சத்திரங்கள் அமரும் நாற்காலிகள், ஆட்டத்துக்குப் பின் கூடும் ‘ஃபோரம் கிளப்’ என்று அவர் தொடங்கி வைத்தவையும் பெருக்கிக் காட்டியவையும் இன்று உலகெங்கும் தொழில்முறை விளையாட்டின் இயல்பான அங்கங்களாகிவிட்டன. ஃபோரம் அரங்கத்தை நிர்வகித்த கிளேர் ராத்மனுக்கும், பஸ்ஸின் மகள் ஜீனிக்கும் தொடர் போதிய இடம் கொடுத்திருப்பது சரியான முடிவு. 2013-இல் தந்தை இறந்த பின் அணியின் பொறுப்பை ஏற்ற ஜீனி பஸ், 2020-இல் லேக்கர்ஸ் வென்றபோது, கோப்பை பெற்ற அணியின் கட்டுப்பாட்டு உரிமையாளராக இருந்த முதல் பெண் ஆனார். 67.5 மில்லியனில் தொடங்கிய அந்தச் சொத்தில், பஸ் குடும்பம் 2025-இல் பெரும்பங்கை மார்க் வால்டருக்கு விற்க ஒப்புக்கொண்டபோது அணியின் மதிப்பு ஏறத்தாழ 10 பில்லியன் டாலர்.

இனி, கற்பனை எங்கே எல்லை மீறியது என்ற கேள்விக்கு வருகிறேன். முதன்மையான பெயர், லேக்கர்ஸின் முன்னாள் நட்சத்திர வீரரும் பின்னாளில் அணியின் நிர்வாகியுமான ஜெரி வெஸ்ட். தொடரில் ஜேசன் கிளார்க் நடித்த வெஸ்ட், எந்நேரமும் பொங்கும் மனிதர். கோல்ஃப் மட்டையை முறிப்பார், தனக்குக் கிடைத்த விருதையே ஜன்னல் வழியே வீசுவார், அலுவலகத்தில் குடித்துவிட்டுக் கத்துவார். நிஜ வெஸ்ட் 2022 ஏப்ரலில் தன் வழக்கறிஞர்கள் மூலம் எச்.பி.ஓ.வுக்குக் கடிதம் அனுப்பி, இந்தச் சித்திரிப்பை விலக்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். தேவையானால் உச்ச நீதிமன்றம் வரை போவேன் என்றும் சொன்னார். அவரோடு வேலை செய்தவர்கள் பலர், தாங்கள் அறிந்த வெஸ்ட் இவர் இல்லை என்று அவருக்குத் துணை நின்றார்கள். நிறுவனமோ, இது ஆவணப்படம் இல்லை, உண்மைச் சம்பவங்களை வைத்துப் பின்னிய நாடகம் என்று பதில் சொல்லித் தன் நிலையில் நின்றது.

இந்த விஷயத்தில் நான் முழுக்க வெஸ்ட் பக்கம். ஒரு காரணம் சொல்கிறேன். வெஸ்ட் வீரராக 9 இறுதிச் சுற்றுகளில் ஆடி, 8-இல் தோற்று, 1972-இல் ஒரே ஒரு முறை வென்றவர். அந்த 8 தோல்விகளில் 6 பாஸ்டன் செல்டிக்ஸிடம். 1969-இல் தோற்ற அணியில் இருந்தபடியே இறுதிச் சுற்றின் சிறந்த வீரர் விருதைப் பெற்றவர்; அன்றிலிருந்து இன்றுவரை அப்படி வேறொருவர் இல்லை. தந்தையிடம் அடிபட்டு வளர்ந்ததையும், வாழ்நாள் முழுதும் தன்னை வாட்டிய மனச்சோர்வையும் 2011-இல் வெளிவந்த தன்வரலாற்றில் அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். வலியை உள்ளேயே வைத்துப் புழுங்கும் மனிதர் என்பதே அந்த நூல் காட்டும் உருவம். அந்த மௌனத்தை நடிப்பில் காட்டுவது கடினம். கத்துவதைக் காட்டுவது எளிது. தொடர் எளிய வழியை எடுத்துக்கொண்டது. அப்போது உயிரோடு இருந்த, தன் வாயாலேயே தன் புண்ணைக் காட்டிவிட்ட ஒரு முதியவரை நகைப்புக்குரிய முன்கோபியாக்கியது நியாயம் இல்லை. இரண்டாவது சீசனில் அவருடைய பாத்திரம் சற்றே தணிந்து, அணியைக் கட்டும் கூரிய கண் உள்ளவராக வெளிப்படுவதாக எனக்குப் பட்டது; ஆனால் முதல் தோற்றம்தான் மனத்தில் தங்குகிறது. வெஸ்ட் 2024 ஜூனில் காலமானார்.

கரீமும் தன் பங்குக்கு நீண்ட கட்டுரை எழுதித் தொடரைக் கண்டித்தார். 1980-இல் வெளியான நகைச்சுவைத் திரைப்படம் ஒன்றில் துணை விமானியாக நடித்தபோது குழந்தை நடிகன் ஒருவனிடம் ஆபாசமாகப் பேசியதாக வரும் காட்சி நடக்கவே இல்லை என்றார். அவருடைய பெரிய குற்றச்சாட்டு வேறு: மனிதர்களைக் குச்சி உருவங்களாகச் சுருக்கிவிட்டார்கள், அதனால் தொடர் சலிப்பூட்டுகிறது என்பது. சலிப்பு என்ற தீர்ப்பை நான் ஏற்கவில்லை. சுருக்கல் என்பதில் உண்மை இருக்கிறது. மாஜிக்கோ தொடரைப் பார்க்கவே போவதில்லை என்று சொல்லிவிட்டார்.

சொல்முறையைப் பற்றியும் இங்கே சேர்த்துச் சொல்வது பொருந்தும், ஏனென்றால் எல்லை மீறலுக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. பாத்திரங்கள் திடீரெனக் கேமராவைத் திரும்பிப் பார்த்து நம்மிடமே பேசத் தொடங்கிவிடுவார்கள். கூத்தில் கட்டியங்காரன் கதைக்குள்ளும் நின்று, வெளியே வந்து சபையோரிடமும் பேசுவானே, அந்த உரிமையை இங்கே பஸ், மாஜிக், ரைலி என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். படமோ கறையும் துகளுமாக, பழைய ஃபிலிம் சுருளும் அக்காலத்து வீடியோ கேமராவும் மாறி மாறி வரும்படி எடுக்கப்பட்டிருப்பதால், சில நொடிகள் நிஜ ஒளிபரப்பைப் பார்க்கிறோமோ என்ற மயக்கம் வருகிறது. கட்டியங்காரன் பேசும்போது, இது கூத்து என்று சபைக்குத் தெரியும். பழைய ஒளிபரப்பு போலத் தோன்றும் படத்துக்கு நடுவில் அதே உரிமையை எடுத்தால், எது பதிவு, எது புனைவு என்று பார்ப்பவருக்கு விளங்காமல் போகிறது. அழகும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன.

நடிகர் தேர்வில் எனக்குக் குறையே இல்லை. பஸ்ஸாக வரும் ஜான் சி. ரைலி, பேராசைக்கும் பாசத்துக்கும் நடுவில் அல்லாடும் மனிதரை நாம் வெறுக்க முடியாதபடி நடித்திருக்கிறார். மாஜிக்காக வரும் க்வின்சி ஐசையாவுக்கு இதுவே முதல் பெரிய வாய்ப்பு, அவரும் மிச்சிகன்காரர். லேக்கர்ஸ் வீரர் நார்ம் நிக்ஸனின் பாத்திரத்தில் நடித்தவர் அவருடைய சொந்த மகன் டெவான் நிக்ஸன். கரீமாக வரும் சாலமன் ஹியூஸ் நடிப்புத் தொழிலில் இருந்தவரே இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணிக்குக் கூடைப்பந்து ஆடி, முனைவர் பட்டம் பெற்று, கல்வித் துறையில் வேலை பார்த்தவர். கரீமின் அடையாளமான ‘ஸ்கை ஹுக்’ வீச்சை அவர் செய்து காட்டும் இடங்களைக் கவனித்துப் பாருங்கள். கூடைக்குத் தோளைக் காட்டி நின்று, இடக்காலை ஊன்றி, வலக்கையை உடம்பிலிருந்து முழுதாக விலக்கி வில்லைப்போல மேலே கொண்டு வந்து, மணிக்கட்டை மட்டும் மடக்கிப் பந்தை விட வேண்டும். எதிராளியின் கைக்கும் பந்துக்கும் நடுவில் ஆடுபவரின் முழு உடம்பும் இருப்பதால் தடுக்கவே முடியாது. அந்த ஒரு வீச்சுதான் கரீம் தன் ஆட்டக்காலம் முழுதும் எடுத்த 38,387 புள்ளிகளின் அடித்தளம். 2023 பிப்ரவரியில் லெப்ரான் ஜேம்ஸ் கடக்கும் வரை அதுவே சாதனையாக நின்றது.

மாஜிக்கின் முதல் ஆட்டமும் அந்த வீச்சில்தான் முடிந்தது. 1979 அக்டோபர் 12, சான் டியேகோவில், கடைசி நொடியில் கரீம் வீசிய ஹுக் உள்ளே விழ, லேக்கர்ஸ் 103-102 என்று வென்றது. மாஜிக் ஓடிவந்து, உலகக் கோப்பையே கிடைத்ததுபோல் கரீமின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். 10 ஆண்டுகள் ஆடிப் பழுத்திருந்த கரீம், இன்னும் 81 ஆட்டங்கள் பாக்கி இருக்கின்றன என்று அவரை அடக்கினார். இருவருடைய இயல்பும் அந்த ஒரு தழுவலில் முழுமையாக இருக்கிறது. 24 வயதில் லூ ஆல்சிண்டர் என்ற பெயரை விட்டு இஸ்லாமியப் பெயரைச் சூடி, அதற்காக ஏச்சு வாங்கி, கூட்டத்திடமிருந்து தன்னை விலக்கிக்கொண்ட ஒருவர். எல்லோரும் தன்னை விரும்ப வேண்டும் என்று ஏங்கும் மற்றொருவர். இவர்கள் ஒருவரிடமிருந்து மற்றவர் எதையெதைக் கற்றுக்கொண்டார்கள் என்பதுதான் தொடரின் நல்ல பகுதி.

இரண்டாவது சீசன் 1980-லிருந்து 1984 வரை போகிறது. 1981-இல் மாஜிக்குக்கு 25 ஆண்டுகளுக்கு 25 மில்லியன் டாலர் என்று பஸ் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம், அதனால் சக வீரர்களிடையே எழுந்த முணுமுணுப்பு, வெஸ்ட்ஹெட்டின் ஆட்ட முறை பிடிக்காமல் நவம்பரில் சால்ட் லேக் சிட்டியில் மாஜிக் தன்னை வேறு அணிக்கு மாற்றிவிடுங்கள் என்று பத்திரிகையாளர்களிடம் வெடித்தது, மறுநாளே வெஸ்ட்ஹெட் நீக்கப்பட்டது எல்லாம் நடந்தபடியே வருகின்றன. தொடர்ந்து 5 ஆட்டங்கள் வென்றிருந்த நேரத்தில் நடந்த நீக்கம் அது. புதிய பயிற்சியாளர் வெஸ்ட்டா, ரைலியா என்பதைப் பத்திரிகையாளர் சந்திப்பிலேயே பஸ் குழப்பியதும், வெஸ்ட் எழுந்து தான் ரைலிக்கு உதவ மட்டுமே வந்திருப்பதாகச் சொன்னதும் நாடகம்போலத் தோன்றும் நிஜங்கள். வீட்டு அரங்கிலேயே ரசிகர்கள் மாஜிக்கைக் கூச்சலிட்டு அவமதித்தார்கள். அதே சீசனின் முடிவில் 1982 கோப்பையும் வந்தது.

பாஸ்டனின் லாரி பேர்டுக்கு இந்த சீசன் தரும் இடம் எனக்குப் பிடித்தது. இந்தியானாவின் ஃப்ரெஞ்ச் லிக் என்ற சிற்றூரில் ஏழ்மையில் வளர்ந்து, பெரிய பல்கலைக்கழகத்தை ஒரு மாதத்திலேயே விட்டு ஓடிவந்து, ஊராட்சியில் குப்பை வண்டி வேலை செய்தவர் பேர்டு. கார்த் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே குப்பை அள்ளும் வண்டியும் ஓட்டிய தந்தையோடு சிறுவயதில் கூடப் போனவர் மாஜிக். 1979 மார்ச்சில் கல்லூரி இறுதி ஆட்டத்தில் மோதிய நாளிலிருந்து, கறுப்பு-வெள்ளை, மேற்கு-கிழக்கு, சிரிப்பு-மௌனம் என்று இந்த இருவரையும் எதிரெதிராக நிறுத்திப் பத்திரிகைகள் எழுதிய எழுத்துக்குக் கணக்கில்லை. அடியில் இருவரும் உழைப்பாளி வீட்டுப் பிள்ளைகள்.

7 எபிசோடுகளில் 4 ஆண்டுகளை அடைத்ததால் இரண்டாவது சீசன் மூச்சிரைக்க ஓடுகிறது. 1983-இல் ஃபிலடெல்ஃபியாவிடம் 4-0 என்று தோற்றது கிட்டத்தட்டக் கடந்துபோகும் காட்சியாகிவிட்டது. நிக்ஸனை சான் டியேகோவுக்குக் கொடுத்து பைரன் ஸ்காட்டை வாங்கிய 1983 மாற்றம், அணிக்குள் ஒரு நட்பையே முறித்த நிகழ்வு. அதற்கும் நின்று பேச நேரம் இல்லை. 1984 இறுதிச் சுற்றில், கைக்கு வந்த ஆட்டங்களைக் கோட்டைவிட்டு, பாஸ்டனின் புழுக்கமான பழைய அரங்கில் 7-ஆவது ஆட்டத்தில் 111-102 என்று தோற்பதோடு தொடர் முடிகிறது. தவறுகளை எண்ணி மாஜிக்கை ‘ட்ராஜிக்’ ஜான்சன் என்று கேலி செய்த ஆண்டு அது. பிறகு நடந்தவை திரையில் எழுத்துகளாக ஓடுகின்றன.

ஏன் நின்றது? பார்வையாளர் எண்ணிக்கை எதிர்பார்த்த அளவு இல்லை என்பதே அடிப்படைக் காரணம். அதோடு காலமும் கூடவில்லை. 2023 மே மாதம் ஹாலிவுட் எழுத்தாளர்களும், ஜூலையில் நடிகர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்ததால், ஆகஸ்டில் வெளியான தொடருக்காக நடிகர்கள் ஒரு பேட்டிகூடத் தர முடியவில்லை. நூலாசிரியர் பெர்ல்மன்தான் தனியாளாக, பாருங்கள், இல்லாவிட்டால் மூன்றாவது சீசன் வராது என்று மக்களை வேண்டிக்கொண்டிருந்தார். செப்டம்பர் 17 அன்று கடைசி எபிசோடு ஒளிபரப்பான அன்றே தொடர் முடித்துக்கொள்ளப்பட்டது என்ற செய்தியும் வந்துவிட்டது.

இந்த நிறுத்தம் கதைக்குச் செய்த சேதத்தை, முதல் எபிசோடின் முதல் காட்சியை நினைவில் வைத்திருப்பவர் மட்டுமே முழுதாக உணர முடியும். தொடர் 1979-இல் தொடங்கவில்லை. 1991-இல், மாஜிக் தனக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை அறிந்துகொண்ட நாளில் தொடங்குகிறது. அங்கிருந்து 12 ஆண்டுகள் பின்னே போய்ச் சிரிக்கும் இளைஞனைக் காட்டும்போது, இந்தச் சிரிப்பு எங்கே போய் முடியும் என்று நமக்குத் தெரிந்தே பார்க்கிறோம். கதை 1984-இல் அறுந்ததால் அந்தத் தொடக்கம் திரும்பிவராத கேள்வியாகவே நின்றுவிட்டது. எழுச்சியைச் சொல்ல வந்த தொடர் அதன் உச்சத்தையும் காட்டவில்லை.

ஆகவே தொடரைப் பார்த்து முடிப்பவர்கள், அது நிறுத்திய இடத்திலிருந்து ஓராண்டு தள்ளி நடந்த 1985 இறுதிச் சுற்றின் பழைய பதிவுகளைத் தேடிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதே பாஸ்டன், அதே அரங்கம். முதல் ஆட்டத்தில் லேக்கர்ஸ் 148-114 என்று நொறுங்கியது. 38 வயது கரீமின் காலம் முடிந்துவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். பதிவைப் போட்டுத் தவறுகளைக் காட்டும் கூட்டத்தில், வழக்கமாகப் பின்னால் அமரும் கரீம் அன்று முன்வரிசையில் வந்து உட்கார்ந்து எல்லா ஏச்சையும் வாங்கிக்கொண்டார். இரண்டாவது ஆட்டத்தன்று, அணியினர் தவிர யாரும் ஏறக்கூடாது என்ற விதியுள்ள பேருந்தில் தன் தந்தையை அழைத்து வரலாமா என்று ரைலியிடம் கேட்டார். ரைலி சரி என்றார். தந்தை பக்கத்தில் அமர அரங்குக்குப் போன கரீம், 30 புள்ளிகளும் 17 ரீபவுண்டுகளும் 8 அசிஸ்டுகளும் எடுத்தார். 6-ஆவது ஆட்டத்தில், லேக்கர்ஸ் வரலாற்றிலேயே முதல்முறையாக இறுதிச் சுற்றில் பாஸ்டனை அவர்களுடைய தரையிலேயே வீழ்த்திக் கோப்பையை எடுத்தார்கள். அந்தப் பேருந்துக் காட்சியை ஹியூஸ் நடித்துப் பார்க்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை.